மானம் காத்த மெக்கானிக்

"யாராவது கேட்டா ஃபிரிட்ஜ் ரிப்பேர்னு சொல்லணும். மூட்டைப்பூச்சிங்கிற பேச்சே வாயில வரக்கூடாது!"

மருந்தடிக்க வந்தவரிடம் கறாராகச் சொன்னாள் டாக்டரம்மா. சுத்தத்தைப் பற்றி அந்த அடுக்குமாடிக்கே பாடம் எடுப்பவள். விஷயம் கசிந்தால் லிஃப்டில் தலைகாட்ட முடியாது.

வேலை முடிந்து அவரை வழியனுப்பும் நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக்" என்று கேட்காமலேயே முந்திக்கொண்டாள் டாக்டரம்மா.

எதிர்வீட்டுக்காரி அவரைப் பார்த்து ஒரு கணம் திணறினாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "ஃபிரிட்ஜும் பார்ப்பீங்களா? போன வாரம் எங்க டிவியைச் சரி பண்ணினப்போ சொல்லவே இல்லையே!" என்றாள்.

டாக்டரம்மா எதிர்வீட்டுக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

மருந்துக்காரர் பணிவாகச் சொன்னார்: "வரேங்க. மேல்மாடியில ஒரு வாஷிங்மெஷின் ரிப்பேர் இருக்கு."