சாய்வு போதுமா?

“நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்கன்னா!”

மனைவி போட்ட சத்தத்தில் கணவன் பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

“அங்க பாருங்க, நம்ம எழுத்து!”

இரண்டு வருடம் சோறு தண்ணி மறந்து இருவரும் கணினிக்கென வடிவமைத்த தடித்த சாய்வெழுத்து. விற்பனைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சுவரில் ஆள் உயரப் பலகையில், ரத்தச் சிவப்பில்! காரை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள்.

“இந்த ‘ண’வைப் பாரேன்! இவ்வளவு தடிமன்லயும் மூணு சுழியும் அடைபடலை!”

“‘ழு’வோட வாலைப் பாருங்க. பதினெட்டு தடவை அழிச்சு வரைஞ்சேனே!”

“சாய்வுதான் கொஞ்சம் போதலையோ?”

“சும்மா இருங்க. நின்ன இடத்துலயே ஓடுற மாதிரி இருக்கு!”

தடவிப் பார்த்தார்கள். தள்ளி நின்று படம் எடுத்தார்கள். கால் மணி நேரம் வேடிக்கை பார்த்த எதிர்க் கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் வந்தார்.

“ஏன் சார், அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

இருவரும் பலகைப் பக்கம் திரும்பினார்கள். எழுத்தைப் பார்த்தார்களே தவிர, யார் படித்தது? இப்போது படித்தார்கள்.

‘இங்கே வண்டி நிறுத்தினால் இழுத்துச் செல்லப்படும்.’

திரும்பிப் பார்த்தால் காரைக் காணோம். தெருமுனையில் ஒரு லாரி அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது.

“ஐயோ, நம்ம காரு!” என்று கணவன் அலற, மனைவி துள்ளிக் குதித்தாள்.

“ஏங்க, லாரி மேலயும் நம்ம எழுத்துதாங்க! சாய்வு போதலைன்னீங்களே, என்னமா ஓடுது பாருங்க!”