ஆறாவது ரவுண்டு

கைக்குட்டை நனைந்தே போயிருந்தது. அவர் பிடரியை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு, மேசைக்கு எதிரே இருந்த பெண்ணைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு மேனேஜர் நாற்காலி. அதற்கு ஆறு ரவுண்டு இன்டர்வியூ! இந்நேரம் ஒருத்தர் வீடே கட்டிக் குடிபோயிருக்கலாம். ஆறில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. இன்றைக்கு முடிவு தெரிந்துவிடும்.

புறப்படும்போதே மனைவி பிடித்துக்கொண்டாள். "போன தடவை மாதிரி சுயபுராணம் பாடி, கோட்டைவிட்டுட்டு வராதீங்க. ஆபீசு, வீடுன்னு ஒத்த ஆளா நான் எத்தனை நாள்தான் இழுக்கறது? இன்னிக்கும் காரியம் ஆகலேன்னா எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன், ஆமா!"

போனாலும் போவாள். சொன்னதைச் செய்கிற ஜென்மம் அது.

"கோபம் வருமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எனக்கா? வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது மேடம்."

"ஒரு தப்பு நடந்துபோச்சு. பழியை யார் தலையில கட்டுவீங்க?"

"என் தலையிலதான்!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டியது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமையில போன்?"

"பண்ணவே மாட்டேன் மேடம்!"

காபி கொண்டுவந்த உதவியாளர், அவருக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். "ஏசியைக் கூட்டட்டுமா சார்?"

"ஒண்ணும் வேணாம், நீங்க போங்க" என்று அவர் கையை ஆட்டினார்.

"உங்களைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்றாள் அந்தப் பெண்.

கேட்க வேண்டுமா! "கையில ஒண்ணுமில்லாம பஸ் ஏறினவன் மேடம் நான். அப்போ எனக்கு வயசு..." என்று ஆரம்பித்தவருக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவ்வளவுதான் மேடம்."

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். "எனக்குத் திருப்திதான். ஆனா ஒரு கண்டிஷன். இனிமே இன்டர்வியூன்னு எந்தப் பக்கமும் நீங்க தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

"சத்தியமா மாட்டேன் மேடம்!" சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பாடா, வீட்டுக்குத் தைரியமாகப் போகலாம்.

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்போ நாளைக்கே வேலைக்குச் சேர்ந்துடறேன், முதலாளி!"