பழி மோடத்துக்கு

“வாடா மோடம்காரா! என் பிள்ளையை என்கிட்டேருந்து பிரிச்சவன் வந்துட்டான், எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!”

கருவிப் பெட்டியோடு வாசலில் நின்ற எனக்குக் காது சுட்டது. உள்ளே மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு விருந்தாளிகள்.

அன்று மிலுன்கா அத்தை வீட்டு ஸ்லாவா. குடும்பத்துப் புனிதரின் நாள். எங்கள் செர்பியாவில் இதற்கு யாரையும் அழைப்பதில்லை. மறக்காதவர்கள் தாமாக வருவார்கள். வெளியூர்ப் பிள்ளை போனிலாவது வாழ்த்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டை அறுத்துக்கொண்டான் என்றுதான் ஊர் பேசும்.

மகன் நெபோய்ஷா இருப்பது வியன்னாவில். இந்த மலையில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. கூரைமேல் ஒரு டிஷ், அலமாரியில் ஒரு சாட்டிலைட் மோடம், அவ்வளவுதான் வழி. அதுவும் ஏப்ரலிலிருந்து வாரம் தவறாமல் மக்கர்.

“அத்தை, ரெண்டு மோடம் மாத்திட்டேன். அடாப்டரும் மாத்தியாச்சு...”

“முதல்ல உன் மூஞ்சியை மாத்துடா! நல்ல நாளும் அதுவுமா என் பிள்ளை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு அங்கே அழுதுட்டிருப்பான்.”

விருந்தாளிகள் உச்சுக் கொட்டினார்கள். அவள் கணவர் ராடிசாவ் மாமா மட்டும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

இந்த வாய்க்குப் பயந்துதான் மகன் வியன்னாவுக்கே ஓடியிருப்பான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே மோடத்தைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு. மின்சாரம் சரியாக வருகிறது, சூடும் இல்லை. கேபிளைப் பிடித்தபடி சுவரோரமாக வீட்டின் பின்பக்கம் போனேன்.

விறகு அடுக்கின் மறைவில் கேபிள் இரண்டு துண்டாகக் கிடந்தது. எலி வேலை இல்லை. கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டிய வெட்டு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் இணைப்பு கழன்றது, அதற்கு முன்னால் தண்ணீர் புகுந்தது, எல்லாமே ஒரே ஆளின் கைவரிசைதானா?

“சத்தம் போடாதே தம்பி.”

பின்னால் ராடிசாவ் மாமா. கோட்டுப் பையில் பிளேயரின் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தது.

“நீங்களா மாமா? பெத்த பிள்ளை பேசறதைத் தடுக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?”

“அவன் எங்கே பேசறான்? ஏப்ரல்ல கூப்பிட்டான். அவன் பொண்டாட்டியைப் பத்தி நான் ஒரு வார்த்தை விட்டுட்டேன். ‘இனிமே எனக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை’ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டான். மிலுன்கா அப்போ தோட்டத்துல இருந்தா. அவளுக்கு இது தெரியாது.”

மாமா கேபிள் நுனியை விறகுக்கு அடியில் தள்ளி மறைத்தார்.

“நெட் வேலை செஞ்சா அவ கூப்பிடுவா. அவன் எடுக்க மாட்டான். இன்னிக்கு, இத்தனை பேருக்கு நடுவுல, அவ தாங்குவாளா? பழி மோடத்து மேலேயே இருந்துட்டுப் போகட்டும், தம்பி.”

உள்ளே போய், “மோடம் போச்சு அத்தை, புதுசுதான் வரணும்” என்றேன்.

எனக்கும் என் கம்பெனிக்கும் சேர்த்து இன்னொரு ரவுண்டு அர்ச்சனை நடந்தது. இந்த முறை வலிக்கவில்லை. பாவம், ஒன்றும் தெரியாத தாய்.

வேனில் ஏறும்போது அத்தை பின்னாலேயே ஓடிவந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

“கோவிச்சுக்காதேடா கண்ணா. கோஸ் இலையில சுத்தின கறி வெச்சிருக்கேன், சாப்பிடு. கேபிளைத்தானே வெட்டியிருக்கார்?”

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன்.

“அன்னிக்குத் தோட்டத்துல இருந்தேன்தான். ஆனா ஜன்னல் திறந்திருந்துச்சே!” அவள் வீட்டுப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, தன்னாலதான் பிள்ளை போனான்னு அந்த மனுஷன் செத்தே போயிடுவார்.”

பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.

“அடுத்த வாரமும் ரொட்டி வேன்காரன்கிட்ட சொல்லி அனுப்பறேன். வந்து திட்டு வாங்கிக்கோ. ஆனா, தயவுசெஞ்சு சரிபண்ணிடாதேடா!”