படத்தில் வந்த வீடு

இந்த வீட்டில் நடந்ததாக ஒரு பேய்ப் படம் வந்ததிலிருந்து வாடகைக்கு ஆளே வரவில்லை. இன்று வந்த பெண்மணியையும் விட்டுவிடக் கூடாதே என்று தரகருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"படத்துல வர்றதெல்லாம் புருடாம்மா. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"பெத்த குழந்தையை அம்மாவே கொன்னதா காட்டினாங்களே?"

"குழந்தை காய்ச்சல்ல போச்சு. அந்தத் துக்கத்துல அந்தம்மாவுக்கு மனசு பேதலிச்சு, ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அதைப் போய் உண்மைக் கதைன்னு எடுத்துக் காசு பார்த்துட்டான் அந்த டைரக்டர். மனசாட்சி வேண்டாம்?"

அவள் இருட்டறைக்குள் நுழைந்து, கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைத் தேடாமலே போட்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

"வீடு பிடிச்சிருக்கில்ல?" என்று சாவியை அவள் கையில் திணித்தார் தரகர்.

"நான் இருந்த வீடுதாங்க இது. குணமாகி வந்ததுலேர்ந்து வீடு தேடி அலையறேன். நான்தான் அந்தம்மான்னு தெரிஞ்சதும் கதவைச் சாத்திடறாங்க. நடந்ததைப் புரிஞ்சுக்கிட்டுப் பேசின முதல் ஆள் நீங்கதான்."

தரகரின் கால்கள் தாமாக வாசல் பக்கம் நகர்ந்தன.

"அந்தச் சாவியைக் கொஞ்சம் குடுங்கம்மா. ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."