இரண்டாவது ஓட்டு

“சார், போன வருஷம் மாதிரியே என் சீட்டுல நீங்களே டிக் போட்டுக் குடுத்துடுங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

பார்வையற்ற விரிவுரையாளர் இப்படிக் குழைந்ததும் தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் எல்லாத் தரப்பினருக்கும் இடம் கிடைக்கவென்று அமைத்த பன்முகத்தன்மைக் குழுவில் மொத்தம் பதினொரு பேர். இன்று தலைவர் தேர்தல். இப்போதைய தலைவரை எதிர்த்து நிற்பவர் நூலகர் அம்மா.

“அதுக்கென்னப்பா, இதுக்குத்தானே நான் இருக்கேன்!” என்று தோளில் கைபோட்டு ஜன்னலோரம் கூட்டிப்போனார்.

விரிவுரையாளர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அந்தக் கை மேலே பட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். குழுவின் சுவரொட்டியில் முதல் வரிசையில் இருப்பது அவர் படம்தான், வெள்ளைக் கோலும் கையுமாக. தொட்டுப் படிக்கிற மாதிரி ஒரு ஓட்டுச்சீட்டு கேட்டால் மட்டும், “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா” என்று மூன்று வருஷமாக அதே பாட்டு.

போன வருஷம் போட்டியே இல்லை. இந்தத் தலைவரே தொடர ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று சீட்டில் இரண்டே கட்டம். பதினொன்றுக்குப் பதினொன்றும் ‘வேண்டும்’. ஏகமனதாம்! எல்லோரும் கைதட்டினார்கள், விரிவுரையாளரைத் தவிர. அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டார்.

ஜன்னலோரம் தலைவரின் காதில் பேரைச் சொன்னார். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு சர்ரென்று ஒரு கோடு இழுபட்டது.

“போட்டாச்சுப்பா. நீ சொன்னபடியே.” தலைவரே சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார்.

குமாஸ்தா பிரித்துப் படித்தார். “நூலகர்… நூலகர்… தலைவர்… நூலகர்…” கடைசியில் நூலகருக்கு ஒன்பது, தலைவருக்கு இரண்டு.

ஒரு மாதமாக மற்ற எட்டு உறுப்பினர்களின் அறை வாசலிலும் போய் நின்று நூலகருக்காகக் கெஞ்சியது வீண்போகவில்லை. வேணும், நல்லா வேணும் என்று விரிவுரையாளரின் மனசு குதித்தது.

தலைவர் தொண்டையைச் செருமிச் சமாளித்தார். “பரவாயில்ல. என் ஓட்டு போக இன்னொருத்தராவது நன்றி மறக்காம இருக்காரே, அது போதும்!”

விரிவுரையாளர் எழுந்தார். “அந்த நல்ல மனுஷன் யாருன்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோமே. கொஞ்சம் கை தூக்குங்க.”

நூலகர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“யாரும் தூக்கல,” என்றார் நூலகர்.

“சரி, மேடத்துக்குப் போட்டவங்க?”

சட்டைகளும் புடவைகளும் சரசரத்தன. நூலகர் தன் கையையும் சேர்த்து எண்ணினார். “ஒன்பது.”

“என்னோடதையும் சேத்துக்குங்க மேடம்.” விரிவுரையாளர் கையை உயர்த்தினார்.

“பத்து!”

குமாஸ்தா பதறிப்போய்ச் சீட்டுகளை மறுபடி எண்ணினார். “மேடத்துக்கு ஒன்பதுதாங்க இருக்கு.”

தலைவரின் நாற்காலி கிறீச்சிட்டது. விரிவுரையாளர் அந்தப் பக்கம் திரும்பினார்.

“அப்போ என் ஓட்டை யாருக்கு சார் போட்டீங்க?”