பேர் சொல்லி ஊற்றிய எண்ணெய்

சுட்ட மணலைச் சட்டியோடு தூக்கி வந்து, பித்தளைக் குண்டானைச் சுற்றிக் கொட்டினாள் விண்ணரசி.

அடுப்பு கொல்லைக் கோடியில் எரிந்தது. கொட்டகைக்குள் ஒரு பொறி வரக் கூடாது. குண்டானில் இருந்தது பெட்ரோல் கலந்துபோன எஞ்சின் எண்ணெய்.

மறுநாள் மோட்டார் சைக்கிள் பந்தயம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் யுத்தத்துக்காகப் போட்டு, யுத்தம் முடிந்ததும் ஆடு மேயக் கிடந்த விமானத் தளத்தில் நடக்கப்போகிறது. அவள் புருஷன் வைரக்கண்ணு பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய வண்டியை எடுத்து, பெரம்பலூரில் இந்தக் கொட்டகையில் வைத்துப் பிரித்துப் பூட்டி, அதற்கென்றே தயார் செய்திருந்தான்.

காலையில் பார்த்தால் கார்புரேட்டர் ஒழுகி, பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருந்தது. எண்ணெய் நீர்மோராகிவிட்டது. அப்படியே ஓட்டினால் முதல் சுற்றிலேயே பிஸ்டன் இறுகி வண்டி நின்றுவிடும்.

புது எண்ணெய்க்கு வழியில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பந்தயத்துக்கு ஆகும் எண்ணெய் வைத்திருந்தவர் அரியலூர்க் கடைத்தெருவில் கடை போட்டிருந்த ஞானமுத்து ஒருவர்தான். அவர் மகன் லூர்துராஜும் மறுநாள் ஓட்டுகிறான். அது மட்டும் காரணமில்லை. மாதா கோயிலுக்குப் போகிற வரதராஜன்பேட்டை வேதக்காரப் பெண் விண்ணரசி, உடையார்பாளையத்து வைரக்கண்ணுவோடு ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இரண்டு பக்கத்து ஜனமும் கதவைச் சாத்திவிட்டது. அந்த வீட்டுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று ஞானமுத்து நாலு பேர் கேட்கவே சொல்லியிருந்தார்.

"வுட்டுடலாம் புள்ள. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் வைரக்கண்ணு.

விண்ணரசி மூலையிலிருந்த பழைய டின்களை இழுத்து வந்தாள். ஓட்டிப் பழகிய நாட்களில் வண்டியிலிருந்து இறக்கிய எண்ணெயையெல்லாம் கொட்டாமல் டின்களில் எடுத்து வைத்திருந்தாள். அதையும் இதோடு ஊற்றினாள்.

சூட்டில் பெட்ரோல் மட்டும் ஆவியாகிப் போகட்டும் என்று, மணல் ஆற ஆற மாற்றினாள். பெட்ரோல் ஆவி கிளம்பித் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. வாசலுக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். பகல் முழுக்க அதே வேலை.

வெயில் சாய்கிற நேரத்தில் ஆவி அடங்கியது. கசடு அடியில் தங்கட்டும் என்று ஆறவிட்டு, மல் துணியை நாலாக மடித்து வடிகட்டினாள். ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தாள்.

நூல் இழுத்தது.

நிறம் கறுப்புதான். ஆனால் பிடிப்பு திரும்பியிருந்தது. வைரக்கண்ணு தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைக்காமலே வண்டியருகில் போய் உட்கார்ந்தான்.

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. ஞானமுத்து நின்றிருந்தார். கையில் காலி டின்.

உள்ளே வரவில்லை. விண்ணரசியைப் பார்க்கவுமில்லை. கொட்டகைத் தூணைப் பார்த்துப் பேசினார்.

"கடையில இருந்த கடைசி டின்னு துருப்புடிச்சு அம்புட்டும் தரையில ஓடிருச்சு. மெட்ராஸ் சரக்கும் ரயில்ல வரல. நீங்க காச்சுறதா பஸ்காரன் சொன்னான். பையன் வண்டிக்கு இருந்தா குடுங்க."

வைரக்கண்ணு எழுந்தே விட்டான். வேட்டியை மடித்துக் கட்டினான். அவன் வாய் திறப்பதற்குள் விண்ணரசி முன்னால் வந்து, அவர் கையிலிருந்த டின்னை வாங்கினாள்.

தன் புருஷன் வண்டிக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கினாள். மிச்சத்தை, சிந்தாமல், டின் நிறைய ஊற்றினாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் வைரக்கண்ணு.

"எண்ணெ இல்லாமத் தோத்தோம்னு நாளைக்கு அவங்க சொல்லக் கூடாது."

ஞானமுத்து டின்னின் பிடியைப் பற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "திருச்சியில வாங்குனதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை.

இரண்டு பேர் கையிலும் டின் நின்றது. வடித்த எண்ணெயின் சூடு தகரத்தைத் தாண்டி வந்தது. அவர் இழுத்தார். அவள் விடவில்லை.

"என் பேரச் சொல்லி ஊத்துங்க. முடியாதுன்னா டின்ன வச்சிட்டுக் கெளம்புங்க."

அப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் கரி. ஆவி பட்டுச் சிவந்த கண்கள். அவற்றில் கெஞ்சல் ஒரு துளியும் இல்லை.

 அவர் தலையை மட்டும் ஒருமுறை அசைத்தார். அவள் கையை எடுத்தாள்.

மறுநாள் விமானத் தளத்தில் இரண்டு வண்டியும் கடைசிச் சுற்றுவரை ஒன்றையொன்று விடாமல் ஓடின. வைரக்கண்ணு ஒரு வண்டி நீளம் முந்தி வந்தான்.

தோற்ற லூர்துராஜைச் சூழ்ந்துகொண்டு அரியலூர் ஆட்கள் ஆறுதல் சொன்னார்கள். நல்ல எண்ணெய் கிடைத்திருந்தால் நீதான் ஜெயித்திருப்பாய் என்றார் ஒருவர்.

லூர்துராஜ் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எண்ணெயக் கொற சொல்லாதீங்க. அது எங்க அக்கா காச்சுனது."

பக்கத்தில் நின்றிருந்த ஞானமுத்துவைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. தனக்கு மகளே இல்லை என்று அத்தனை நாளும் சொல்லிவந்த மனிதர், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.