மலிவான அப்பா

கிரிக்கெட் வீரர்களைச் செல்போனில் விலைக்கு வாங்கி அணி சேர்த்து, அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணும் ஃபேன்டஸி லீக் ஆடி அலுத்துப்போய், இப்போது ஊரே அக்கம்பக்கத்துக் குடும்பங்களை வைத்து ஆடுகிறது. அணிக்கு ஓர் அப்பா கட்டாயம். அந்த இடம் விக்கெட் கீப்பர் இடம் மாதிரி. யாரும் அதற்கு அதிகம் செலவழிப்பதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டால் நான்கு புள்ளி, கத்தாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் பத்து. எனக்கு அந்தப் பத்து ஒருநாளும் கிடைத்ததில்லை. அதனால் எங்கள் நகரிலேயே மலிவான அப்பா நான்தான். என் எட்டு வயது மகள் நன்முல்லை, பாவம், என்னைத்தான் வைத்திருக்கிறாள்.

இன்று பத்து மணிக்கு எனக்கு இதய ஆபரேஷன். ஒன்பதுக்குள் அணியை மாற்றிக்கொள்ளலாம்.

"என்னைத் தூக்கிட்டு எதிர்வீட்டு அங்கிளைப் போடுடி," என்றேன்.

"போப்பா. அவரு ஓவர் ரேட்டு. நீயே இரு."

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் சேவியர் உள்ளே வந்தார். "பயப்படாதீங்க சார், வியாழக்கிழமை எந்திரிச்சு நடப்பீங்க."

"உங்க டீம்ல அப்பா யாரு அங்கிள்?" என்றாள் மகள்.

"உங்கப்பாதான் கண்ணு! மூணு சீசனா அவர்தான்."

அவர் போனதும் செல்போனில் அவர் அணியைத் தேடிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"அப்பா, எட்டரைக்கே உன்னைத் தூக்கிட்டாருப்பா."

ஒன்பதாக மூன்று நிமிடம் மிச்சமிருந்தது. நன்முல்லை அழுதுகொண்டே என்னை மாற்றினாள்.